சீடிக்குள் பேர்ணடெற்

கொட்டாஞ்சேனை
2025 மார்ச் 27

சேசு மரி சூசை துணை

அன்பு மச்சான் அனுஜனுக்கு,

வெயிலும் குளிரும் ஒரே நாளில் வந்துபோகிற அந்த மெல்பேர்ணில் நீ, மிதுனா, பிள்ளை ரொஷேல் மூவரும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அந்தோனியாரை வேண்டிக்கொண்டு அத்தான் றேமண்ட் எழுதுகிறேன்.

வாட்ஸப் இருக்க இந்த மனுசன் ஏன் ஈமெயிலில் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். என் போனை உன் அக்கா பேர்ணடெற் தன் போனைப் போலத்தான் பாவிப்பாள். அவள் தொடாத ஒரே சாமான் இந்த லப்டொப்தான். போன தடவை நீ வந்து விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் மிண்ட் போட்டுத் தந்தாயே, அன்றிலிருந்து இது "உங்கட ரெண்டு பேற்ற விசர்" என்று ஒதுக்கிவிட்டாள். இப்போது அதுவே எனக்கு வசதி.

இருந்துகொண்டு வாசி. தவக்காலத்து முதல் வெள்ளி, சிலுவைப்பாதையில், ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற தலத்தில் எல்லாரும் முழந்தாளிட்டோம். எல்லாரும் எழும்பினோம். அவள் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து எல்லாச் சோதனையும் செய்து, கடைசியில் இதயத்தை எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தார்கள். இதயத்தின் நடுச்சுவர் தடித்திருக்கிறதாம். பிறவியிலேயே வருவதாம். எந்த நேரமும் தாளம் தவறி நின்றுவிடலாமாம். தோள் எலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கருவி வைத்தால், நிற்கப் போகும்போது அது ஒரு அடி கொடுத்துத் திரும்ப ஓடவைக்கும் என்றார் டொக்டர். உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்குள்ள ஒரு மெஷினும் வேண்டாம். ஆண்டவர் கூப்பிடுற நேரம் போறன்."

உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நோயைச் சொல்லிவிட்டேன், அந்தப் பாதி போயிற்று. டொக்டர் உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பாதியையாவது காப்பாற்றப் பார்க்கிறேன். கேட்காதே. நீ மூளையுள்ளவன்.

இனி விசயம். ஸ்கான் படங்களை ஒரு சீடியில் போட்டுத் தந்தார்கள். "அய்யே, மேக்க நெத்தி கரகண்ட எப்பா" என்று சிங்களத்தில் சொன்னான் தந்தவன், இதைத் தொலைத்துவிடாதீர்கள் என்று. தொலைக்கவில்லை, ஆனால் பார்க்கவும் முடியவில்லை. ஸ்கான் படம் பார்க்கிற புரோகிராம் ஒன்றை மிண்டிலேயே தேடி இறக்கினேன். சாதாரண ஜன்னலில் சீடியைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் கோப்புகள் தெரிகின்றன. இந்தப் புரோகிராமுக்குள்ளிருந்து திறக்கப் போனால் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. கடையில் கொடுத்தால் ஒரு நிமிட வேலைதான். ஆனால் என் பெண்சாதியின் நெஞ்சை ஒரு கடைப் பொடியன் உட்கார்ந்து பார்க்க நான் விடமாட்டேன்.

கண்ணால் பார்த்துவிட்டால் அவளுக்கும் காட்டலாம். இந்தா, இதுதான் உன் நிலைமை என்று பிடித்து இருத்திச் சொல்லலாம். அவள் மனம் மாற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் பதிலுக்காகப் பார்த்திருக்கும்,
அத்தான் றேமண்ட்


மெல்பேர்ண்
மார்ச் 29

அன்பு அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் காருக்குள் இருந்து வாசித்தேன். வாசித்துவிட்டு வேலைக்குள் போகப் பிடிக்காமல் அப்படியே இருந்தேன். உங்கள் உடம்பு எப்படி? பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அக்கா விழுந்த கவலையில் நீங்களும் விழுந்துவிடாதீர்கள்.

உடனே அக்காவுக்குப் போன் எடுக்கக் கை போயிற்று. எடுத்தால் நீங்கள் சொன்னது தெரிந்துவிடும். பிறகு அவ உங்களோடும் பேசமாட்டா, என்னோடும் பேசமாட்டா. கொஞ்ச நாள் பொறுக்கிறேன். டொக்டர் என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்கவேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை.

சீடிக் கோப்புகளை முதலில் மெஷினுக்குள் பிரதி எடுங்கள். பட ஃபோல்டருக்குள் "அக்கா" என்று ஒன்றைத் திறந்து எல்லாவற்றையும் அங்கே போடுங்கள். பிறகு அந்த ஃபோல்டரில் வலது சொடுக்கு, பண்புகள், அனுமதிகள். உரிமையாளர் நீங்கள்தானா, வாசிக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கொடுங்கள். அநேகமாக இவ்வளவுதான் பிரச்சினை.

அப்படியும் வராவிட்டால், புரோகிராம் வெறுமையாகக் காட்டுகிற அந்த ஜன்னலைப் படம் பிடித்து அனுப்புங்கள்.

மிதுனாவும் ரொஷேலும் மாமாவை விசாரித்தார்கள். அக்காவை மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

அன்புடன்,
அனுஜன்


கொட்டாஞ்சேனை
ஏப்ரல் 3

சேசு மரி சூசை துணை

அன்பு மச்சானுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றப்படி நடமாடித் திரிகிறோம். உன் அக்காவை மாடிப்படி ஏறவிடாதீர்கள் என்று சுலபமாக எழுதிவிட்டாய். நேற்று மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட்டுவிட்டு வந்து, நான் ஏசுவதற்கு முன் எனக்கு ஏசினாள்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். பிரதி எடுத்தேன். உரிமையாளர் நான்தான் என்று மெஷினே எழுதிக் காட்டுகிறது. வாசிக்கலாம், எழுதலாம், எல்லாம் சரி. புரோகிராமைக் கேட்டால் "அக்கா" என்று ஒரு ஃபோல்டரே இல்லை என்கிறது. உரிமையாளர் நான், கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது! கல்யாணம் ஆன நாள் தொட்டு உன் அக்காவோடு பழகியிருக்காவிட்டால் இந்த லப்டொப்பைத் தூக்கி அடித்திருப்பேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். சீடி கிடைத்த கையோடு, அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமை என்றபடியால், கொச்சிக்கடைக் கோவிலுக்குப் போனேன். எல்லாரும் கைலேஞ்சியை, குழந்தையின் சட்டையை அந்தோனியாரின் கண்ணாடிப் பெட்டியில் தொட்டு எடுக்கிறார்கள். நான் சீடியை உறையிலிருந்து எடுத்து, அந்த மினுங்குகிற பக்கத்தைக் கண்ணாடியில் நன்றாகத் தேய்த்துவிட்டேன். பின்னால் நின்ற மனுசி "என்ன மாஸ்டர் சீடியைத் தேய்க்கிறீங்கள், பாட்டோ?" என்று கேட்டா. இப்போது வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் தெரிகிறது. புண்ணியத்துக்குப் போய் நானே கெடுத்துவிட்டேனோ என்று யோசனையாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இன்னொரு சீடி கேட்டால், ஏன் என்று உன் அக்காவிடம் விசாரிப்பார்கள்.

படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். உண்மையைச் சொல்லு. கீறலா?

உன் அத்தான்,
றேமண்ட்


மெல்பேர்ண்
ஏப்ரல் 5

அன்பு அத்தானுக்கு,

கோவிலில் சீடி தேய்த்த கதையை மிதுனாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம். முதலில் தீர்ப்பு: அந்தோனியார் நிரபராதி, நீங்களும் நிரபராதி. கீறியிருந்தால் பிரதி எடுக்கும்போதே மெஷின் கத்தியிருக்கும்.

நான்தான் பிழையான இடத்தில் தேடினேன். உங்கள் படத்தில், ஜன்னலின் மேல் வரியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நீங்கள் இறக்கிய புரோகிராம் ஃபிளாட்பாக் என்ற வகை. அப்படிப்பட்ட ஒவ்வொன்றையும் லினக்ஸ் ஒரு தனி அறைக்குள் வைத்துத்தான் ஓடவிடும். சாண்ட்பொக்ஸ் என்போம். அந்த அறைக்குள் அதற்கென்று ஒரு வீடு, ஒரு பட ஃபோல்டர், எல்லாம் உண்டு. அது தன் அறையைத்தான் முழு உலகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. உங்களுடைய "அக்கா" ஃபோல்டர் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. கோப்பில் உங்களுக்கு என்ன அனுமதி இருந்தாலும், அறைக்குள் இருப்பவனுக்கு அது போய்ச்சேராது.

இதில் எனக்கு இன்றைக்கும் புதினமாக இருப்பது என்னவென்றால், கதவு பூட்டியிருக்கிறது என்றுகூட அதற்குச் சொல்லப்படுவதில்லை. கதவே கிடையாது என்றுதான் சொல்லப்படுகிறது. அது பொய் சொல்லவில்லை, பாவம். அதற்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. எத்தனை வருடம் இந்த வேலை செய்தும், ஒரு மெஷினுக்குள் இத்தனை சின்னச்சின்ன உலகங்கள் ஒன்றையொன்று அறியாமல் ஓடுகின்றன என்று நினைத்தால் எனக்கு மேல் சிலிர்க்கும்.

ஃபிளாட்சீல் என்று ஒரு சின்னப் புரோகிராம் இருக்கிறது, இறக்குங்கள். அதில் இடப்பக்கம் உங்கள் ஸ்கான் புரோகிராமின் பெயரைத் தொட்டால், அதற்கு எந்தெந்த இடம் தெரியலாம் என்ற பகுதி வரும். அங்கே ஒரு கூட்டல் குறி. அதை அழுத்தி, நான் கீழே ஒட்டியிருக்கும் வரியை அப்படியே போடுங்கள். "அக்கா" ஃபோல்டர் மட்டும், அதுவும் வாசிக்க மட்டும். "எல்லாக் கோப்புகளும்" என்று மேலே ஒரு பொத்தான் கண்ணடிக்கும். அதைத் தொடவேண்டாம். ஒரு அறையைக் காட்டச் சொன்னால் வீட்டுத் திறப்புக்கொத்து முழுவதையும் கொடுக்கிற வேலை அது.

திறந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புவீர்களா? அக்காவை நானும் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அனுஜன்


கொட்டாஞ்சேனை
ஏப்ரல் 12

சேசு மரி சூசை துணை

அன்பு மச்சான்,

உன் வீட்டில் எல்லாரும் சுகம்தானே? நாளைக்குக் குருத்து ஞாயிறு. உன் அக்கா குருத்தோலை வெட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறாள்.

முதலில் என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய வரியைப் போட்டேன். வரவில்லை. கோபத்தில் அந்தக் கண்ணடிக்கிற பொத்தானையும் அழுத்திவிட்டேன். அப்படியும் வரவில்லை. உனக்கு ஒரு கொதிப்பான கடிதம் பாதி எழுதியபோது கரண்ட் போயிற்று. பற்றரி செத்த லப்டொப், அதுவும் போயிற்று. கரண்ட் வந்து திரும்ப ஓடவிட்டுப் புரோகிராமைத் திறக்கிறேன், "அக்கா" ஃபோல்டர் அங்கே இருக்கிறது! பிறகுதான் பிடிபட்டது. நான் அந்தப் புரோகிராமை ஒருநாளும் மூடியதே இல்லை. கீழே இறக்கி ஒளித்துவிட்டு, மூடியையும் சாத்திவிட்டுப் படுத்துவிடுவேன். கொடுத்த அனுமதி, அது செத்துப் பிறந்தால்தான் அதற்குத் தெரியும் போல. உடனே அந்தப் பெரிய பொத்தானை நிற்பாட்டி, உன் வரியை மட்டும் விட்டுவிட்டேன். ஏச்சு வேண்டாம்.

இனி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முதலில் எல்லாம் கறுப்பாக இருந்தது. எதையோ சொடுக்கினேன். படம் அசைந்தது, அனுஜன். படம் அசையும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எலும்பு எக்ஸ்ரே மாதிரி ஒன்றைத்தான் எதிர்பார்த்திருந்தேன். நடுவில் வெள்ளையாக இரத்தம், சுற்றிவரக் கறுப்பாகத் தசை. அது சுருங்குகிறது, விரிகிறது, திரும்பச் சுருங்குகிறது. மெல்லிய மடல் ஒன்று திறந்து மூடுகிறது. ஒரேயொரு துடிப்பைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த நேரம் குசினியில் உன் அக்கா தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கிறது. இங்கே அவளுடைய இதயம், அங்கே அவள். நான் நாற்காலியை விட்டு இறங்கி முழந்தாளிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கோவிலில் எத்தனை நற்கருணை ஆசீர்வாதம் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அங்கே என் மனம் கடலைக்காரனிடமும் பஸ்ஸுக்கும் போய்விடும். இதற்கு முன்னால் எங்கேயும் போகவில்லை. இது எனக்குச் சோறு போட்டிருக்கிறது, என்னோடு கோபித்திருக்கிறது, அம்மா சாகும்போது பக்கத்தில் நின்றிருக்கிறது. இவ்வளவு காலமும் ஒருநாள் லீவு எடுக்காமல் இருட்டுக்குள் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது, நான் உப்புக் காணாது என்று குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தடித்த இடத்தையும் கண்டேன். வைத்தியம் படிக்காத எனக்கே தெரிகிறது. நடுச்சுவர் வீங்கி, இரத்தம் போகிற வழியை நெருக்குகிறது. அந்த நெருக்கத்துக்குள்ளால் அது தள்ளித் தள்ளி அனுப்புகிறது.

காட்டவேண்டும் என்றுதான் திறந்தேன். ஆனால் அவளைக் கூப்பிட வாய் வரவில்லை. நான் கேட்காமல் எட்டிப் பார்த்த மாதிரி வெட்கமாகிவிட்டது. கொஞ்சம் தைரியம் வரட்டும்.

பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். நீயும் பார். வடிவாகப் பார்.

அன்பு அத்தான்,
றேமண்ட்


கொட்டாஞ்சேனை
மே 14

சேசு மரி சூசை துணை

அன்பு அனுஜன்,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பாஸ்குப் பெருநாளுக்கு அக்காவோடு போனில் இரண்டு வார்த்தை பேசினாய், என்னைக் கேட்கவில்லை. மிதுனா சுகமா? பிள்ளை சுகமா? படங்கள் வந்து சேர்ந்ததா என்றாவது எழுது.

போன கிழமை அவள் திரும்ப விழுந்தாள். வெள்ளவத்தைச் சந்தைக்கு மீன் வாங்கப் போன இடத்தில். அங்கே பாத்திரக்கடை வைத்திருக்கும் ஸவாஹிர் நானாதான் தூக்கி இருத்திச் சோடா கொடுத்து முச்சக்கரவண்டியில் கொண்டுவந்து விட்டார். நெற்றியில் தையல். டொக்டர் இந்த முறை சிரிக்கவே இல்லை. இனியும் சுணங்கினால் நான் பொறுப்பில்லை என்றார். அவள் "யோசிச்சுச் சொல்றன்" என்றாள். அவள் யோசிப்பதென்றால் உனக்குத் தெரியும்தானே. ஒவ்வொரு நாள் காலையும் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டிலை விட்டு இறங்குகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.

றேமண்ட்


மெல்பேர்ண்
மே 20

அன்பு அத்தானுக்கு,

மன்னியுங்கள். படங்கள் வந்தன. பார்த்தேன். இங்கே வேலை கூடிவிட்டது. எல்லாரும் நலம். அக்காவின் தையல் ஆறியதா? ஸவாஹிர் நானாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கவேண்டும். அப்பா எப்படிப் போனார்? கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில், வேலை முடிந்து வரும்போது வெயில் அடித்து விழுந்தார் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. எனக்கு அப்போது ஆறு வயது. கூட நின்றது அக்கா மட்டும். உங்களுக்கு அவ வேறு ஏதாவது சொல்லியிருக்கிறாவா?

அன்புடன்,
அனுஜன்


கொட்டாஞ்சேனை
ஜூன் 10

சேசு மரி சூசை துணை

அன்பு மச்சானுக்கு,

கொச்சிக்கடைத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. தெருவெல்லாம் சனம். உங்கள் மூவர் பெயரையும் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்டாய். வெயில் என்றுதான் எனக்கும் சொன்னாள். அவள் கதைக்காத கதை அது ஒன்றுதான். ஆனால் நீ ஏன் கேட்டாய் என்பது எனக்கு விளங்குகிறது. என்ன செய்தாய் என்று நான் கேட்கமாட்டேன். செய்யவேண்டியதைச் செய்திருப்பாய் என்று நம்பிக்கொண்டு இருக்கிறேன்.

இங்கே நடந்த ஒன்றைக் கேள். இப்போது தினமும் அந்தப் படத்தைப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. ஜெபமாலை மாதிரி. ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், தோளுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு அவள்.

"இஞ்சருங்கோப்பா, இது என்ன படம்?" என்றாள்.

"ஜெலிஃபிஷ்" என்று வாயில் வந்துவிட்டது. "கடலுக்கு அடியில இருக்கிற ஒரு சாமான். அனுஜன் அனுப்பினவன்."

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். நெடுநேரம். அவளுடைய இதயத்தை அவளே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அது அவளுக்குள் நின்று துடித்துக்கொண்டிருக்கிறது, நடுவில் நான் ஒரு மடையன் உட்கார்ந்திருக்கிறேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"பாவம்" என்றாள். "எவ்வளவு பாடுபட்டுத் துடிக்குது. ஆரும் அதுக்கு ஒரு உதவி செய்யக்கூடாதோ?"

சொல்லியிருக்கவேண்டும். அந்த நேரம்தான் சொல்லியிருக்கவேண்டும். தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவ எழும்பிப் போய்விட்டேன்.

உன் அத்தான்,
றேமண்ட்


மெல்பேர்ண்
ஜூலை 6

என் அன்பு அக்காவுக்கு,

அத்தானின் லப்டொப்புக்குத்தான் இதை அனுப்புகிறேன். உங்களைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நெற்றித் தையல் ஆறிவிட்டதா? இனி அத்தானோடு சண்டை பிடிக்கவேண்டாம். அவர் தன் சத்தியத்தில் பாதியைக் கடைசிவரை காப்பாற்றினார். ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை என்றுதான் எழுதினார்.

உங்கள் இதயத்தை நான் பார்த்தேன், அக்கா. ஏப்ரலில் பார்த்தேன். அதைப் பார்த்தபடியே அந்த நோயைப் பற்றித் தேடி வாசித்தேன். கூடப்பிறந்தவர்களும் சோதிக்கவேண்டும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. டொக்டர் சொன்ன மற்றப் பாதி அதுதானே?

போனேன். எனக்கும் இருக்கிறது. ஒரு நாள் முழுவதும் நெஞ்சில் கருவி ஒட்டிப் பார்த்தார்கள். நான் நித்திரையாக இருந்தபோது இதயம் தாளம் தவறிக் கண்டபாட்டுக்கு ஓடியிருக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. காலையில் எழும்பிப் பிள்ளைக்குப் பாணில் பட்டர் பூசினேன். அறிக்கையைப் பார்த்த டொக்டர் என்னை வீட்டுக்குப் போகவே விடவில்லை. இடது தோளுக்குக் கீழே கருவி வைத்தாயிற்று. அந்தக் கையை உயர்த்தக்கூடாது என்றபடியால் இதை வலது கையால் மட்டும் தட்டுகிறேன். பயப்படாதீர்கள். தொட்டால் ஒரு தீப்பெட்டி மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

ரொஷேலையும் பார்த்தார்கள். இப்போதைக்குச் சுத்தம். வருடாவருடம் பார்ப்பார்கள்.

என் ஸ்கானையும் கேட்டு வாங்கினேன். இத்துடன் அனுப்புகிறேன். நான் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன், அக்கா. உங்களுக்குத் தடித்த அதே இடத்தில் எனக்கும் தடித்திருக்கிறது. அதே வளைவு. முகத்தில் நான் அம்மா, நீங்கள் அப்பா என்றுதானே எல்லாரும் சொல்வார்கள். உள்ளே நாம் இருவரும் ஒருவரே. எனக்கு அழுகை வரவில்லை. இப்படி ஒன்றை யார் வரைந்தது என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

இந்த ஃபோல்டரை அத்தான் திறக்கவேண்டாம். புரோகிராமுக்கு அதைக் காட்டவேண்டிய விதத்தை அவர் சொல்லித்தருவார், அழுத்துவது நீங்களாக இருக்கட்டும். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கருவி வேண்டாம் என்று எழுதினாலும் பரவாயில்லை, நீங்களே எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
அனுஜன்


கொட்டாஞ்சேனை
ஜூலை 19

இயேசுவின் திரு இருதயம் துணை

அன்புத் தம்பிக்கு,

உன் தோள் எப்படி? காய்ச்சல் ஏதும் உண்டா? மிதுனாவிடம் கொடுத்துத் தலை சீவு, கையைத் தூக்காதே. கடிதம் வந்து இத்தனை நாளாக ஏன் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். முதல் இரண்டு நாளும் உன் அத்தானோடு பேசவில்லை. பிறகு தட்டெழுதப் பழகினேன். அவர் சொல்ல நான் எழுதுவதாக இருந்தால் இந்தக் கடிதம் வேண்டாம்.

வெயில் இல்லை, தம்பி. அப்பா வெயிலில் விழவில்லை. பஸ் தரிப்பில் நிழலுக்குள்தான் நின்றோம். எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிவிட்டு ஏதோ பகிடி சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றவர், சிரித்தபடியே விழுந்தார். எழுப்ப எழுப்ப எழும்பவில்லை. அவருடைய அண்ணனும் அப்படித்தான் போனவர் என்று செத்தவீட்டில் பெரியாக்கள் குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. நீ அந்த நேரம் பிரேதப் பெட்டிக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்தாய். இவனுக்கு இது தெரியாமலே இருக்கட்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். தெரியாவிட்டால் வராது என்று சின்னப் புத்தியில் ஒரு எண்ணம். அந்த எண்ணத்தோடேயே எனக்கு ஐம்பத்துமூன்று வயதாகிவிட்டது.

மெஷினுக்குப் பயந்து நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. கருவி வைத்தால் ஏன் என்று நீ கேட்பாய். சொன்னால் உனக்குச் சோதனை செய்வார்கள். சோதித்தால் உனக்கும் இருக்கிறது என்று வந்துவிடும். அதைக் கேட்பதைவிட நான் விழுந்துபோவது நல்லதென்று பட்டது.

உன் அத்தான் ஜெலிஃபிஷ் என்று சொன்னதை உனக்கு எழுதினாராம். அந்தப் படத்தின் மேல் மூலையில் என் முழுப் பெயரும் பிறந்த திகதியும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது, தம்பி. மூன்று மாதமாகப் பார்க்கிற மனுசனின் கண்ணில் அது படவில்லை. என்னுடையது என்று தெரிந்துதான் நின்று பார்த்தேன். என் வயிற்றுக்குள் ஒரு பிள்ளை தங்கவில்லை. அதனால் எனக்குள் உயிரோடு ஒன்று அசைவதை ஸ்கானில் பார்க்கும் பாக்கியம் எனக்கு இல்லை என்று இருந்தேன். அன்றைக்குப் பார்த்தேன். அதன் மேல் எனக்கு இரக்கம் வந்தது. உதவி செய்யக்கூடாதோ என்று அவரிடம்தான் கேட்டேன். மனுசன் கோப்பை கழுவப் போய்விட்டார்.

உன்னுடையதை நானேதான் திறந்தேன். அந்த அனுமதிப் புரோகிராமில் உன் ஃபோல்டரின் பெயரை எழுத்துக் கூட்டி நான் போட்டேன். முதல் முறை வரவில்லை. "மூடிப்போட்டுத் திறவும், மூடிப்போட்டுத் திறவும்" என்று பின்னால் நின்று குதித்தார். மூடித் திறந்தேன். வந்தது. ஒரு பக்கத்தில் நான், ஒரு பக்கத்தில் நீ. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பாமன்கடைப் பெரியம்மா வீட்டுக்கு நடந்து போவேன், உன் நெஞ்சு என் கையில் அடிக்கும். அது இதுதான். இவ்வளவு அழகான ஒன்று என்று எனக்குத் தெரியாது. உன் அத்தானும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணத்த பிறகுதான் எழும்பினோம்.

புதன்கிழமை கிளினிக்குக்குப் போனேன். திங்கட்கிழமை அட்மிட் ஆகச் சொல்லித் துண்டு தந்துவிட்டார்கள். துண்டு எழுதும்போது டொக்டர் வழக்கம்போலக் கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இது உண்டா என்று. விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விக்கு நான் இல்லை என்றுதான் சொன்னேன். இந்த முறை ஓம் என்றேன். "அப்பாவுக்கு இருந்தது. தம்பிக்கு இருக்குது. தம்பி உயிரோட இருக்கிறான்" என்றேன்.

உன் அக்கா,
பேர்ணடெற்